உள்ளூர் ஆட்கள்

குகைமலைத் தோட்டம், செமோர்
12–1–1929

அன்புத் தங்கச்சி நவமணிக்கு அண்ணன் மாயாண்டி எழுதுவது.

நான் சுகம். மச்சானின் இருமல் எப்படி இருக்கிறது? பாப்பா வளர்ந்திருப்பாள். பொங்கலுக்குக் கமுந்திங் வரலாம் என்றிருந்தேன். லீவு இல்லை என்றுவிட்டார்கள்.

காரியத்தைச் சொல்கிறேன். ரப்பருக்குச் சர்க்கார் போட்டிருந்த கட்டுப்பாடு போன வருஷக் கடைசியில் எடுபட்டுவிட்டது. உடனே எங்கள் துரைக்கு ஆசை வந்துவிட்டது. தோட்டத்துக்குப் பின்னால் லாலான் புல் மண்டிக் கிடக்கும் மலை முழுவதும் கன்று நட வேண்டுமாம். பங்களாவுக்கு முன்னால் துரைசானிக்குப் பூந்தோட்டமும் போட வேண்டுமாம்.

ஆள் சேர்ப்பது கங்காணியாகிய என் பொறுப்பு. ஊருக்குப் போய்க் கப்பலில் ஆள் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். ஆபீஸ் கணக்கெல்லாம் பார்க்கும் பெரிய கிராணி சிரித்தார். "கப்பல் ஆளு வந்தா லயம் குடு, ஆஸ்பத்திரி குடு, செத்தா லேபர் ஆபீசருக்குப் பதில் எழுது. உள்ளூர் ஆளுக்கு என்னாலா இருக்கு? வேலை முடிஞ்சா போயிருவான்" என்றார். தை முடிவதற்குள் ஆள் வராவிட்டால் என் வேலை வேறு ஒருவனுக்கு என்றும் சொன்னார். அவர் சொன்னால் செய்கிறவர்.

ஈயச் சுரங்கம் மூடியதால் அங்கே பலர் சும்மா இருப்பதாக எழுதியிருந்தாய். குழி வெட்டி நடத் தெரிந்த பெண்களாகப் பார்த்து அனுப்பு. பங்களாவில் தண்ணீர் ஊற்ற ஒரு சின்னப் பெண்ணும் வேண்டும். புல் வெட்டும் வேலை இவர்களுக்கு இல்லை. அதற்கு வேறு ஏற்பாடு இருக்கிறது.

மச்சானுக்கு என் அன்பு. உடனே பதில் போடு.

அண்ணன்,
மாயாண்டி

*

கமுந்திங்
25–1–1929

அண்ணனுக்கு நவமணி வணக்கத்துடன் எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். அவருக்கு இருமல் குறையவில்லை. மழை விட்டால் இதுவும் விடும் என்கிறார். மாமா வேளைக்குச் சாப்பிடுகிறாரா என்று கேட்டு எழுதச் சொல்கிறாள் பாப்பா.

உங்கள் கடிதத்தைக் குழாயடியில் வாசித்துக் காட்டினேன். இங்கே கடிதம் என்றால் எல்லோருக்கும் சொந்தம். எனக்கு வந்ததை நான் மட்டும் வாசித்தால் சண்டைக்கு வருவார்கள். பாதி வீட்டில் அடுப்பு ஒருவேளைதான் எரிகிறது, அதனால் யாரும் யோசிக்கவில்லை. ராக்காயி தன் கூட்டத்தோடு வருகிறாள். பக்கத்து வீட்டு இருளாயியும் வருகிறாள். கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. அவள் புருஷன் ஐயாவு ரயில் பாதையில் கல் கொட்டுகிறவன். அவனுக்கு இவளை அனுப்ப மனமில்லை. "மழைக்கு முன்னால வந்துருவேன், அதுக்குள்ள நீ ஒழுங்கா ஒல வைக்கக் கத்துக்க" என்று சொல்லி அவன் வாயை அடைத்துவிட்டாள்.

துரைசானி பூந்தோட்டம் என்றதும் பாப்பாவும் குதிக்கிறாள். பதினாலு வயதுப் பெண்ணை அனுப்புவதா என்று தயங்கினேன். தாய்மாமன் இருக்கும் இடம்தானே என்று அவர் சொல்லிவிட்டார்.

கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். இவர்கள் எங்கே படுப்பார்கள்? காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள்? உள்ளூர் ஆளுக்கு ஒன்றும் வேண்டாம் என்று கிராணி சொன்னதை ஏதோ வேடிக்கைபோல எழுதியிருக்கிறீர்கள். உள்ளூர் ஆள் என்றால் மரத்திலிருந்தா விழுந்தோம்? நம் அப்பாவும் அம்மாவும் எதில் வந்தார்கள்? இன்னொன்று. மலை முழுக்க லாலான் என்கிறீர்கள். அதற்குக் கத்தி இல்லாமல் என்ன ஏற்பாடு?

பாப்பாவைக் கண்ணில் படும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கை,
நவமணி

*

குகைமலைத் தோட்டம்
22–2–1929

தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது.

எல்லோரும் சுகமாக வந்து சேர்ந்தார்கள். மச்சானை வேது பிடிக்கச் சொல், இருமலுக்கு நல்லது.

லயத்தில் இடமில்லை என்று கிராணி சொன்னதால் பழைய புகைக்கூடத்தைக் கழுவிக் கொடுத்திருக்கிறோம். ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போட்ட கட்டடம். சுவரெல்லாம் கரி, ஆனால் ஒழுகாது. ராக்காயி உள்ளே வந்து மேலே பார்த்துவிட்டு, "எங்களையும் தொங்கவிட்டுக் காயப்போடப் போறீங்களாண்ணே?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வேலை கஷ்டமில்லை. இவர்கள் ஏறும்போது சரிவு எரிந்து கறுப்பாகக் கிடக்கும். கயிறு பிடித்துக் குழி போட்டுக் கன்று நடுகிறார்கள். அது முடிந்தால் அடுத்த சரிவு. இருளாயி கைவேகத்தைப் பார்த்துத் துரையே நின்றுவிட்டுப் போனார். கிராணிக்கும் என்மேல் இப்போது கோபமில்லை.

வேறு விசேஷமில்லை. அடியில் பாப்பா எழுதுகிறாள்.

அண்ணன்,
மாயாண்டி

அம்மா, நான் பாப்பா. துரைசானி ரோஜாக் கன்றுக்குக் குடை பிடிக்கச் சொல்கிறாள். எனக்குக் குடை இல்லை. செமோரில் கடை வைத்திருக்கும் கௌஸ் பாய் எனக்கு வெல்லம் கொடுத்தார். மலைப் பக்கம் போன அவர் ஆடுகள் திரும்பி வரவில்லை. இங்கே யாரும் ஆடு வளர்க்கக் கூடாதாம்.

*

கமுந்திங்
11–3–1929

அண்ணனுக்கு நவமணி எழுதுவது.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இவருக்கு வேது பிடித்தேன், கொஞ்சம் தூங்குகிறார்.

புகைக்கூடத்தில் படுக்க வைத்திருக்கிறீர்கள். சரி, அந்தக் கேள்விக்குப் பதில் வந்தது. மற்றதற்கு வரவில்லை. அதோடு இப்போது ஆடு சேர்ந்துகொண்டது. ஆடு வளர்க்காத லயம் உண்டா? பாய் வீட்டு ஆடு மலைக்குப் போய் என்ன ஆயிற்று?

இன்னொரு செய்தி. இருளாயி முழுகாமல் இருக்கிறாளாம். அக்காவைச் செமோரில் பார்த்துவிட்டு வந்த ராக்காயியின் தம்பி சொன்னான். ஐயாவு தினமும் வேலை முடிந்து என் வாசலில் வந்து நிற்கிறான், கடிதம் வந்ததா என்று. அவளைச் சரிவில் ஏற்றாதீர்கள். உட்கார்ந்து செய்யும் வேலை கொடுங்கள். திருப்பி அனுப்பினாலும் நல்லதுதான்.

தங்கை,
நவமணி

*

குகைமலைத் தோட்டம்
8–4–1929

நவமணிக்கு அண்ணன் எழுதுவது.

எல்லோரும் சுகம். நீ கேட்டபடி இருளாயியைக் கன்று மேடைக்கு மாற்றிவிட்டேன். நிழலில் உட்கார்ந்து நாற்றுக்கு மண் அணைக்கிறாள். இடையில் யாரையும் அனுப்பக் கூடாது என்று கிராணி சொல்கிறார்.

ஆடு புதுக் கன்றைக் கடித்துவிடும். அதனால்தான் தடை. வேறொன்றுமில்லை.

எனக்குத்தான் முன்போல் சோறு இறங்குவதில்லை. காலையில் பெரட்டில் பேர் கூப்பிட்டு ஆளைப் பிரிக்கும்போது கிராணி என் தோளோடு தோளாக வந்து நிற்கிறார். ஆட்களிடம் நான் என்ன பேசுகிறேன் என்று பார்க்கிறார். அதட்டுவதில்லை. "வாயப் பாத்துக்க மாயாண்டி" என்று மெதுவாகச் சொல்கிறார். அதட்டினால்கூடத் தேவலை.

தோட்டத்துப் பழைய ஆட்கள், கப்பலில் வந்தவர்கள், அந்த மலைக்குப் போக மாட்டோம் என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் உள்ளூர் ஆட்கள். இதற்குமேல் நான் எழுதக் கூடாது. இந்தக் கடிதத்தைக் குழாயடியில் வாசிக்காதே.

அண்ணன்

அம்மா, நான் பாப்பா. மாமா எழுதியதை எனக்குக் காட்டவில்லை, கையால் மறைத்துக்கொண்டு எழுதச் சொல்கிறார். ரோஜா மொட்டு விட்டுவிட்டது. இருளாயி அக்காவுக்குப் புளி வேண்டுமாம்.

*

கமுந்திங்
2–5–1929

அண்ணனுக்கு நவமணி எழுதுவது.

உங்கள் கடிதத்தை வாசித்ததிலிருந்து என் கை வேலையில் நிற்கவில்லை. இவர் உடம்பைக் கேட்காதீர்கள், என் உடம்பையும் கேட்காதீர்கள். அந்த மலையில் என்ன இருக்கிறது? புலி என்றால் எழுதியிருப்பீர்கள். குகையில் ஏதோ காத்து கருப்பு இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. ஆடுகளை அடித்ததும் அதுதான். பழைய ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால் ஒதுங்கிக்கொண்டார்கள். ஒன்றும் தெரியாத நம் பெண்களை அங்கே ஏற்றுகிறார்கள்.

இந்த நேரத்தில் கிரகணம் வேறு வருகிறது. சித்திரை அமாவாசை, வியாழக்கிழமை, நடுப்பகலில் சூரியனை முக்கால்வாசிக்கு மேல் மூடுமாம். தைப்பிங் கோயிலில் சொல்லிவிட்டார்கள். நான் எழுதுவதை ஒன்று விடாமல் செய்ய வேண்டும்.

இருளாயி காலையிலிருந்து வெளியே தலை காட்டக் கூடாது. வெளிச்சம் வரும் சந்துகளையெல்லாம் சாக்கு வைத்து அடைக்கச் சொல்லுங்கள். கிரகணம் விடும்வரை யாரும் சாப்பிடவோ தண்ணீர் குடிக்கவோ கூடாது. பானைத் தண்ணீரில் தர்ப்பை போட்டு வைக்க வேண்டும். இந்த நாட்டில் நமக்குத் தர்ப்பை லாலான்தானே. அதையும் பாதையோரத்தில் பிடுங்க வேண்டாம். அந்த மலையில் முளைத்ததுதான் அந்த மலைத் தோஷத்தைக் கட்டும் என்று இங்கே பெரியவர்கள் சொல்கிறார்கள். மலைமேல் பச்சையாக நிற்பதைப் பிடுங்கி எல்லாப் பானையிலும் போடட்டும். இருளாயி பானையில் ஒரு பிடி கூடப் போடட்டும். பாப்பாவுக்குத் தெரியும், நான் காட்டிக் கொடுத்திருக்கிறேன்.

இதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

தங்கை,
நவமணி

*

குகைமலை
13–5–1929

நவமணிக்கு.

கிரகணம் கழிந்தது. இருளாயிக்கு உடம்பு சரியில்லை. பாப்பா இருக்கிறாள். நீங்கள் யாரும் இங்கே வர வேண்டாம். ஐயாவும் வர வேண்டாம். நான் எழுதுகிறேன்.

மாயாண்டி

*

கமுந்திங்
19–5–1929

அண்ணனுக்கு.

பாப்பா இருக்கிறாள் என்றால் என்ன? நல்லபடியாக இருக்கிறாள் என்று எழுத முடியாதா? அடியில் அவள் எழுத்து ஏன் இல்லை? கடிதத்தை உதறிப் பார்த்தேன், உறையைக் கிழித்தும் பார்த்தேன்.

நேற்று கௌஸ் பாயின் வண்டிக்காரன் தைப்பிங் சந்தைக்கு வந்திருக்கிறான். குகைமலையில் ஒரு பெண் செத்துப்போனாள் என்று இவரிடம் சொல்லியிருக்கிறான். பேர் தெரியாதாம். கமுந்திங் பெண் என்று மட்டும் கேள்விப்பட்டானாம். நான் அனுப்பியவர்களில் ஒருத்தி.

ஐயாவு என் வாசலில் உட்கார்ந்திருக்கிறான். இவர் அவனுக்குக் காப்பி கொடுத்தார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருக்கிறான். நான் அவன் முகத்தைப் பார்த்து, செத்தது இருளாயியாக இருக்கட்டும் என்று ஒரு நொடி நினைத்தேன். நினைத்தேன் அண்ணே. என்னை இப்படி நினைக்க வைத்துவிட்டு நீங்கள் அங்கே எழுதாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

யார் என்று எழுதுங்கள்.

நவமணி

*

செமோர்
26–5–1929

நவமணி,

பாப்பா உயிரோடு இருக்கிறாள். முதலில் இதை வாசித்துக்கொள். இருளாயி போய்விட்டாள். கிரகணத்தன்று சாயங்காலமே போய்விட்டாள். ஐயாவிடம் நீதான் சொல்ல வேண்டும்.

இதைக் கௌஸ் பாய் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தோட்டத்தில் எழுதினால் வாங்கிப் பார்க்கிறார்கள்.

அந்த மலையில் பேயுமில்லை, ஒன்றுமில்லை. மருந்துதான். லாலானைக் கொல்ல டின்னில் ஒரு பாஷாணம் வருகிறது. வேறு காண்டிராக்ட் ஆட்கள் அதைத் தண்ணீரில் கரைத்துப் பம்பு வைத்து அடிப்பார்கள். புல் காய்ந்ததும் கொளுத்துவார்கள். அதற்குப் பிறகுதான் நம் பெண்கள் ஏறுவார்கள். தூரத்தில் பம்பு அடிப்பதைப் பார்த்து ராக்காயி கேட்டபோது, கொசுவுக்கு அடிப்பதாகக் கிராணி சொன்னார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். ஆடு செத்தது அந்தப் புல்லைத் தின்று. பழைய ஆட்கள் கையெல்லாம் புண்ணாகி மறுத்துவிட்டார்கள். உள்ளூர் ஆட்களுக்குத் தெரிந்தால் ஓடிவிடுவார்கள், நீ வாயைத் திறந்தால் அன்றே வெளியே போ என்று எனக்கு உத்தரவு.

மருந்து அடித்த மறுநாளும் புல் பச்சையாகத்தான் நிற்கும்.

கிரகணத்தன்று காலையில் பாப்பா போய் அதைப் பிடுங்கி வந்து பானைகளில் போட்டிருக்கிறாள். இருளாயியைக் காலையிலிருந்து உள்ளே வைத்துச் சாக்குகளால் அடைத்திருந்தார்கள். அந்தப் புழுக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. கிரகணம் விட்டதும் மற்றவர்கள் குளிக்கப் போனார்கள். பிள்ளைத்தாச்சி என்று அவளுக்குத்தான் முதல் பானையைக் கொடுத்தார்கள். அவர்கள் வருவதற்குள் குடித்து முடித்திருந்தாள். பிறகு ஒரு வாய், இரண்டு வாய் குடித்தவர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். பாப்பாவும் விழுந்தாள். அவர்களெல்லாம் தேறிவிட்டார்கள். ஆஸ்பத்திரி டிரஸர் வந்ததும் முதலில் பானைக்குள் கையை விட்டுப் புல்லைத்தான் எடுத்தார். அவருக்குத் தெரிந்திருந்தது. தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, குடித்தவர்களைத் தவிர.

பாப்பா அன்றிலிருந்து பேசவில்லை. ஆஸ்பத்திரிப் பின்கட்டில் ஓர் அறையில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். ஜூன் மூன்றாம் தேதி விசாரணைக்கு வெள்ளைக்கார அதிகாரி வருகிறார். கிராணி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். என்னை அவர் உட்காரச் சொன்னது இதுதான் முதல் தடவை. "மலப் புல்லத் தொடாதீங்கன்னு பெரட்டுல சொன்னோம், அந்தப் பொண்ணு கேக்காமப் புடுங்கிட்டா. இதச் சொல்லு, ஒனக்கு ஒண்ணும் வராது" என்றார். பாப்பாவுக்கு என்ன வரும் என்று கேட்டேன். "சின்னப் பொண்ணுதானேலா. புத்தி சரியில்லேன்னு எழுதுனா தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரில வைப்பாங்க. சோறு போடுவாங்க" என்றார்.

சொல்லாவிட்டால் மருந்தைப் புல்லில் அடிக்க வைத்து ஆட்களை விட்டவன் நான்தான் என்று என்மேல் திருப்புவார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

பானையில் புல் போடச் சொன்னது யார் என்று தெரியவில்லை. பெண்கள் தாங்களாகவே செய்திருப்பார்கள்.

மாயாண்டி

*

கமுந்திங்
30–5–1929

அண்ணனுக்கு.

யார் சொன்னது என்று தெரியவில்லையா? சொன்னது நான். மலைமேல் பச்சையாக நிற்பதைப் பிடுங்கு என்று எழுதியது நான். இருளாயி பானையில் ஒரு பிடி கூட என்று எழுதியதும் நான். நீங்கள் அந்தக் கடைசி வரியை எனக்காகத்தான் எழுதினீர்கள் என்று தெரிகிறது. வேண்டாம். இத்தனை நாள் நீங்கள் ஒளித்ததெல்லாம் எனக்காகத்தான் என்று நீங்களே நம்ப ஆரம்பித்துவிடுவீர்கள்.

நான் கடிதத்தை அனுப்பினேன். நீங்கள் வாசித்தீர்கள். எல்லோரையும் உட்கார வைத்து, புல் வரியையும் சேர்த்துத்தானே வாசித்தீர்கள்? வாசிக்கும்போது உங்களுக்குத் தெரியும். அந்த இடத்தில் நிறுத்தி, இது மட்டும் வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் பேய் என்று நினைத்துப் பயந்தேன். பேய்க்கு இவ்வளவு துணிச்சல் கிடையாது. பகல் வெளிச்சத்தில் டின் டின்னாக வாங்கி வைத்து, பேர் கூப்பிட்டு ஆள் அனுப்பாது.

ஐயாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், என் கடிதத்தையும். அவன் என்னைத் திட்டவில்லை. "அவ புளி கேட்டிருந்தா, வாங்கி வச்சிருந்தேன்" என்றான். பொட்டலத்தை என் வாசலில் வைத்துவிட்டுப் போனான்.

விசாரணையில் ஒன்றே ஒன்று சொன்னால் போதும். பெரட்டில் சொன்னீர்களா, சொல்லவில்லையா? சொல்லவில்லை என்று சொல்லுங்கள். புல் போடச் சொன்னது யார் என்று கேட்டால் என் பேரைச் சொல்லுங்கள். என்னைப் பிடித்துக்கொண்டு போகட்டும். என் பெண் மேல் கை நீட்டி, அவள் புத்தி சரியில்லை என்று தாய்மாமன் வாயால் வந்தால், அதற்குப் பிறகு எனக்கு அண்ணன் இல்லை.

நானும் ஐயாவும் அன்று வருகிறோம்.

நவமணி

*

செமோர், கௌஸ் பாய் கடை
16–6–1929

தங்கச்சிக்கு மாயாண்டி எழுதுவது.

நீங்கள் சேமமாகப் போய்ச் சேர்ந்ததாகப் பாய் சொன்னார். பாப்பா சாப்பிடுகிறாளா?

உங்களைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். வெளி ஆள் உள்ளே வரக் கூடாதாம். பாப்பாவைக் கொண்டுவந்து உன் கையில் விட்டதும், என்ன பேசினேன் என்று சொல்ல நேரமில்லை. ரயிலுக்கு ஓடினீர்கள். இப்போது சொல்கிறேன். எனக்கு நல்லதாக எதையும் மாற்றாமல் சொல்கிறேன்.

ஆபீசில் மேஜைமேல் இருளாயி பானையை வைத்திருந்தார்கள். புல் காய்ந்து ஒட்டியிருந்தது. பாப்பாவை மூலையில் ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார்கள். அதிகாரி என்னைப் பெரட்டில் சொன்னாயா என்று கேட்டார். துபாஷி தமிழில் திருப்பிக் கேட்டான். கிராணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். உன் கடிதம் என் மடியில் இருந்தது. ஆனாலும் நான் சொன்னது, "சொன்னேங்க." அதுதான் என் வாயில் வந்தது.

அப்போதுதான் பாப்பா பேசினாள். இருளாயி செத்தபிறகு முதல் பேச்சு. யாரையும் பார்க்காமல், பானையைப் பார்த்துச் சொன்னாள்: "மாமா ஒண்ணும் சொல்லல. அம்மா லெட்டர வாசிச்சாங்க. புல்லுன்னு வந்ததும் நிறுத்துனாங்க. அப்புறம் வாசிச்சாங்க."

நிறுத்தினேன், நவமணி. அவள் அதைக் கவனித்திருக்கிறாள். முந்தின ராத்திரி நான் வாசித்தபோது புகைக்கூடத்து வாசலில் கிராணியின் ஆள் நின்றுகொண்டிருந்தான். காலையில் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். காலையில் கிராணி தோளோடு வந்து நின்றார்.

துபாஷி, என்ன லெட்டர் என்று கேட்டான். லெட்டர் எதுவும் இல்லை, காய்ச்சல் வந்த பெண் உளறுகிறாள், புல் போடச் சொன்னது நான் என்றேன். பெரட்டில் சொல்லவில்லை என்றேன். மருந்து அடித்தது எனக்குத் தெரியும் என்றேன். சொல்லக் கூடாது என்று உத்தரவு என்றும் சொல்லிக் கிராணியைக் காட்டினேன். கிராணி இங்கிலீஷில் நீளமாகப் பேசினார். அதைத் துபாஷி தமிழாக்கவில்லை. கங்காணியின் அறியாமையால் வந்த சாவு என்று எழுதி முடித்தார்கள். துரையை ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் வெளியே வரும்போது அவர் துரைசானியோடு ரோஜாச் செடிப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

நீ உன் பேரைச் சொல்லச் சொன்னாய். சொல்லியிருந்தால் அவர்களுக்கு ஒரு பெண் போய் இன்னொரு பெண் கிடைத்திருப்பாள். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

வேலை போய்விட்டது. கையெழுத்து வாங்கிக்கொண்டு, கூப்பிடும்போது வர வேண்டும் என்று விட்டிருக்கிறார்கள். சைக்கிளில் போலீஸ்காரன் போனால் பாய் கடை மூட்டைகளுக்குப் பின்னால் போய்விடுகிறேன். பாய் பார்க்காததுபோல் இருக்கிறார்.

நேற்று செமோர் ரோட்டில் லாரி நின்றது. புதுக் கங்காணி அந்த மலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான். உள்ளூர் ஆட்கள்தான், பெண்கள். நான் போய் மருந்தைப் பற்றிச் சொன்னேன். ஒருத்தி சிரித்துக்கொண்டே, "புல்ல நாங்க திங்கவா போறோம், ஏறுங்கடி" என்றாள். ஏறிவிட்டார்கள். லாரி போன பிறகும் நான் அங்கேயே நின்றேன்.

மச்சானைக் கேட்டதாகச் சொல். பதில் எழுதாவிட்டாலும் குற்றமில்லை.

மாயாண்டி

*

கமுந்திங்
9–7–1929

அண்ணனுக்கு நவமணி எழுதுவது.

இவருக்கு இருமல் அப்படியே இருக்கிறது. நான் எழுந்து வேலை செய்கிறேன். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பாப்பா தினமும் கேட்டாள்.

பகலில் நன்றாகத்தான் இருக்கிறாள். தண்ணீர் மட்டும் லேசில் குடிக்க மாட்டாள். குழாயில் பிடித்த உடனே கொடுத்தாலும் டம்ளரைச் சாய்த்து அடி தெரியும்வரை பார்ப்பாள். நான் அதே டம்ளரில் ஒரு வாய் குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் குடிப்பாள். பாலும் அப்படித்தான், கஞ்சியும் அப்படித்தான்.

போன வாரம் ஒரு கங்காணி இங்கே ஆள் தேடி வந்தான். நடவு வேலை, தோட்ட வேலை, உள்ளூர் ஆள் போதும் என்றான். குழாயடியில் நான் எல்லாவற்றையும் சொன்னேன், என் கடிதத்தில் எழுதியதையும் மறைக்காமல். குகைமலையிலிருந்து திரும்பிவிட்ட ராக்காயி தன் கையைக் காட்டினாள். அந்த மலை வேலையில் வந்த புண்ணின் கறுத்த தழும்பு இன்னும் போகவில்லை. இருந்தும் இரண்டு வீட்டிலிருந்து போயிருக்கிறார்கள். அவர்களைத் திட்ட என்னால் முடியவில்லை. அடுப்பு எரிய வேண்டும். ஐயாவு மட்டும் அந்தக் கங்காணியின் பின்னாலேயே ரயிலடி வரை போனான். கங்காணி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தானாம்.

உங்களை மன்னித்தேன் என்று எழுத வரவில்லை. என்னையும்தான். என் பேரை அங்கே சொல்லாமல் விட்டது உதவி என்று நினைக்காதீர்கள். இங்கே அந்தப் பழியை என்னோடு சேர்ந்து சுமக்க ஆள் இல்லை. ஆனாலும் போலீஸ்காரனுக்குப் பயந்து மூட்டைக்குப் பின்னால் இருக்க வேண்டாம். இங்கே வாருங்கள். இவருக்குப் பக்கத்தில் ஒரு பாய் போட இடம் இருக்கிறது. ஐயாவு வீட்டு வழியாக மட்டும் வராதீர்கள்.

அடியில் பாப்பா எழுத வேண்டுமாம். பேனாவைக் கொடுக்கிறேன்.

நவமணி

மாமா, நான் பாப்பா. நான் சொன்னதுக்குக் கோவமா? பாய் கடையில் உங்களுக்கு யார் தண்ணி எடுத்து வைக்கிறார்கள்? வைத்ததும் குடிக்க வேண்டாம். வெளிச்சத்தில் கொண்டுபோய் உள்ளே பார்த்துவிட்டுக் குடியுங்கள்.